ஆடை ஊடுருவும் கருவியும் அவ்ரத்தின் காவலும்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. மக்கா வெற்றிக்கான ஆயத்தங்கள் மதீனாவில் மறைவாக நடந்துகொண்டிருந்தன. அச்செய்தியைக் குறைஷியருக்குத் தெரிவிக்கும் மடலொன்றை ஒரு பெண் கொண்டு செல்வதை நபி (ஸல்) அவர்கள் அறிந்து, அலீ (ரலி) உள்ளிட்ட தோழர்களை அனுப்பினார்கள். ரவ்ளத்து காக் என்னுமிடத்தில் அவளை மறித்து அவர்கள் மடலைக் கேட்டபோது, தன்னிடம் இல்லையென மறுத்தாள். தராவிட்டால் ஆடையைக் களைந்து சோதிக்க நேரும் என்று உறுதிபடக் கூறிய பின்னர், கூந்தல் பின்னலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நிர்ப்பந்தத்தின்போது பெண்ணின் தலைமுடியைப் பார்க்க நேர்வது பற்றிய தனித் தலைப்பின்கீழ் இமாம் புகாரீ (ரஹ்) இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். பாதுகாப்புக்கும் நாணத்துக்கும் இடையே எழும் சிக்கல் நம் அறிஞர்களுக்குப் புதிதன்று.

அச்சிக்கல் நம் காலத்தில் விமான நிலைய வாயிலில் மீண்டும் எழுந்தது. ஆடைக்கு அடியிலுள்ள உடலைப் படமாக்கும் எக்ஸ்கதிர்க் கருவி 1992இலேயே உருவாகிவிட்டது. 2007இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் விமான நிலையத்தில் அது சோதனை முறையில் வைக்கப்பட்டது. மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு இயங்கும் மற்றொரு வகையும் வந்தது. மனித உரிமையையும் உடல்நலத்தையும் முதலில் ஆராய வேண்டும் என 2008 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் இயற்றியதால், அங்கே திட்டம் தள்ளிப்போயிற்று. ஆனால் 2009 டிசம்பர் 25 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஓர் இளைஞன் உள்ளாடையில் மறைத்த வெடிபொருளை வெடிக்க முயன்று பிடிபட்டான். அச்சம் பரவியது, தயக்கங்கள் அகன்றன. 2010 பிப்ரவரியில் பிரிட்டன் ஹீத்ரோ, மான்செஸ்டர் நிலையங்களில் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட பயணி மறுத்தால் பயணமே இல்லை. மான்செஸ்டரில் மறுத்த இரு முஸ்லிம் பெண்கள் விமானம் ஏற முடியாமல் திரும்பினர்.

அதே பிப்ரவரியில் வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில், ஆணோ பெண்ணோ பிறரால் ஆடையற்றவராகப் பார்க்கப்படுவது இஸ்லாமியப் போதனைக்கு மாறானது என அறிவித்தது. கையால் சோதிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ளுமாறும் அது முஸ்லிம்களுக்கு ஆலோசனை கூறியது. பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கும் அந்நூர் அத்தியாயத்தின் 30, 31ஆம் வசனங்களே அதற்கு அடிப்படை. எனினும் இது முஸ்லிம்களின் கவலை மட்டுமன்று. மனித மாண்பு காக்கப்பட வேண்டும் என விமான நிலையப் பணியாளர்களிடம் போப் பதினாறாம் பெனடிக்ட் அம்மாதமே வலியுறுத்தினார்.

படங்கள் சேமிக்கப்படமாட்டா என்ற உறுதிமொழியும் ஐயத்திற்கு இடமாயிற்று. புளோரிடாவின் ஆர்லண்டோ நீதிமன்ற வாயிலிலிருந்த இவ்வகைக் கருவியில் 35,000க்கும் மேற்பட்ட படங்கள் சேமிக்கப்பட்டிருந்தது 2010 ஆகஸ்டில் வெளிவந்தது. 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மக்கள் கருத்தைக் கேளாமல் இம்முறையைப் புகுத்தியது பிழை என்றது. ஆயினும் கருவிகளைத் தடைசெய்யவில்லை.

ஷரீஅத்தின் அளவுகோல் இங்கே தெளிவானது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஒரு விதி. அந்நிர்ப்பந்தம் அதன் அளவாலேயே மட்டிடப்படும் என்பது அதன் இணை விதி. உஸ்மானியரின் மஜல்லா இவ்விரண்டையும் 21, 22ஆம் பிரிவுகளாக அடுத்தடுத்து வைத்துள்ளது. மருத்துவர் நோயுள்ள இடத்தை மட்டுமே பார்க்கலாம் என்பதும் இதனாலேயே. ரவ்ளத்து காக்கில் தேடப்பட்டது ஒரு குறிப்பிட்ட பெண். மடல் அவளிடம் இருப்பது உறுதியாகத் தெரிந்திருந்தது. தானே எடுத்துத்தர அவளுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. மடல் கிடைத்ததும் சோதனைக்குத் தேவையில்லாது போயிற்று. எந்த ஐயமும் இல்லாத பல்லாயிரம் பயணிகளின் உடலை அந்நியர் பார்ப்பதற்கு அந்நிகழ்ச்சியைச் சான்றாக்க இயலாது.

‘வேறு வழியில்லை’ என்ற வாதத்தை அறிவியலே தகர்த்தது. அவ்விளைஞன் விமானம் ஏறிய ஆம்ஸ்டர்டாம் நிலையத்திலேயே, உடலைக் காட்டாமல் ஐயத்திற்குரிய இடத்தை மட்டும் பொது உருவப்படத்தில் குறித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துவதாக டச்சு அரசு சில நாட்களில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 நவம்பரில் எக்ஸ்கதிர்க் கருவிகளை விலக்கி, படச் சேமிப்பைத் தடுத்து, மறுக்கும் உரிமையையும் அளித்தது. அமெரிக்கச் சட்டம் 2012இல் அத்தகைய மென்பொருளைக் கட்டாயமாக்கியது. அதற்கு இணங்காத எக்ஸ்கதிர்க் கருவிகள் 2013 மே மாதத்திற்குள் அந்நாட்டு விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. பிரிட்டனும் அவ்வாண்டு நவம்பரில் மாற்றுச் சோதனைக்கு இடமளித்தது. பொது உருவமே போதும் என்றால், முன்னர்ப் பார்த்த உடல் தேவையின் அளவைக் கடந்ததே அல்லவா?

சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. முக்காடும் தலைப்பாகையும் இன்றும் கூடுதல் கைச்சோதனைக்கு உள்ளாகின்றன. அமெரிக்க விதிகளின்படி, தம் பாலினத்தவரே சோதிக்க வேண்டும் எனவும், தனியறை வேண்டும் எனவும் பயணி கேட்கலாம். கேட்பது குற்றமன்று, உரிமை. உயிரைக் காப்பதும் மானத்தைக் காப்பதும் ஷரீஅத்தின் நோக்கங்களே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடச் சொல்பவரிடம், தேவையின் அளவு எவ்வளவு என்று கேட்பதே நம் ஃபகீஹுகள் கற்றுத்தந்த முறையாகும்.