ஒறுத்தலின் எல்லைகள்: காரைக்கால் வரலாறு காட்டும் குற்றவியல் கருத்துகள்

குற்றம் யாது, அதனை ஒறுக்கும் உரிமை எதுவரை செல்லும் என்னும் வினாக்கள் குற்றவியலுக்கு அடிப்படையாவன. இவற்றை ஒரு நிலத்தின் வரலாற்றில் வைத்து ஆராய்தல் தெளிவு தரும். அதற்குக் காரைக்கால் ஏற்ற களம் எனக் கருதுகின்றோம்.

1739-இல் பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறினும், 1954 வரை பிரெஞ்சிந்தியாவின் பகுதியாகவே விளங்கிற்று. கிழக்கே கடல், ஏனைத் திசைகளில் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். எல்லையின் இருமருங்கும் மொழியும் உழவும் கொள்வினை கொடுப்பினையும் ஒன்றே. சட்டம் மட்டும் வேறு.

1819 சனவரி 6-ஆம் நாள் ஆணை, குற்ற விசாரணைமுறைத் தொகுப்பு நீங்கலான பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைப்படுத்திற்று. அவற்றுள் ஒன்றாகிய 1810-ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பு, தண்டனையின் தன்மையைக் கொண்டே குற்றங்களைச் சிறு மீறல், இடைநிலைக் குற்றம், பெருங்குற்றம் என மூவகைப்படுத்தியது. 1860-இல் இயற்றப்பெற்று 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமோ, செயலையும் அதன் பின்னின்ற கருத்தையும் முதலில் வரையறுத்துப் பின்னரே தண்டனை கூறும். ஒரே செயல் வாய்க்காலின் இக்கரையில் ஒரு பெயரும் அக்கரையில் மற்றொரு பெயரும் பெற்றது. குற்றம் என்பது செயல் மட்டுமன்று. செயலுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட உறவே என்பது இதனாற் பெறப்படும்.

ஒறுத்தலின் முதல் எல்லை இடம். 1815-ஆம் ஆண்டு ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கை, எல்லை கடந்து ஒளிந்தோரை ஒப்படைக்க விதி செய்தது. எனினும் 'இந்தியா' இதழ்மீது வழக்கெழுந்த 1908-இல் புதுச்சேரி சென்ற பாரதியார், 1918 வரை அங்கு வாழ்ந்தமை, எல்லைக்கோடு எத்துணை வலிதாய் நின்றது என்பதற்குச் சான்றாம்.

இரண்டாம் எல்லை காலம். செயலுக்கு முன்னரே சட்டம் விதித்திராத தண்டனையைத் தருதல் ஆகாது என்பது 1810-ஆம் ஆண்டுத் தொகுப்பின் நான்காம் விதி. இந்திய அரசியலமைப்பின் 20-ஆம் உறுப்பும் இக்கொள்கையைக் காக்கிறது. காரைக்காலின் ஆட்சி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவிடம் வந்தது. சட்டமுறை இணைப்பு 1962 ஆகத்து 16-இல் நிறைவெய்தியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கு நடைமுறையாயிற்று. இத்தகைய மாற்றக் காலத்தில் இக்கொள்கையே குடிமகனுக்கு அரண். இன்றேல் நேற்றைய செயல் இன்றைய சட்டத்தால் ஒறுக்கப்படும்.

மூன்றாம் எல்லை அளவு. இத்தாலியரான பெக்காரியா 1764-இல் வெளியிட்ட நூலில், தண்டனையின் கடுமையினும் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்றார். திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தின் முதற்பாவும், ஆராய்தல், மீண்டும் நிகழாமற் காத்தல், குற்றத்துக்கேற்ற அளவு ஆகிய மூன்றையும் வேந்தன் கடனாக வகுக்கின்றது. ஆயினும் வள்ளுவர் வேந்தனின் அறவுணர்வை நோக்கிப் பேசுகின்றார். பிற்காலச் சட்டம் வேந்தனையும் எழுத்தாற் கட்டுகின்றது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

இவ்வளவு நோக்கு இந்தியாவில் வளர்ந்தே வந்துள்ளது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் சிறைக்கு மாற்று வழி காட்டிற்று. 2024 சூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா சமுதாயத் தொண்டையும் தண்டனை வகையாகச் சேர்த்துள்ளது. சட்டங்களின் பெயர் மாறலாம். இடம், காலம், அளவு என்னும் மூன்று எல்லைகளும் பேணப்படும்வரையே ஒறுத்தல் நீதியாகும். அவற்றைக் கடப்பின் வன்முறையாகும்.