நிமிர்ந்த முதுகின் வரலாறு

“நிமிர்ந்து இரு!” பாடசாலைப் படி மிதித்த எவரும் இக்கட்டளையைக் கேளாதிருந்திரார். நான் கீழ் வகுப்பிற் பயின்ற காலத்தில் நெட்டைப் பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் ஒரே அளவு வாங்குதான். என் கால்கள் நிலத்தைத் தொடா. மேசையோ எட்டத்தில் இருக்கும். கூனாமல் எழுத இயலாது. கூனினால் ஆசிரியரின் அடிமட்டம் முதுகைத் தட்டும். குற்றம் என்னுடையதென்றே அன்று நம்பினேன். பிள்ளையின் முதுகு வளைந்தால் அது யார் குற்றம்? இக்கேள்விக்கு ஐரோப்பிய நாட்டார் விடை தேடிய வரலாறு நாமும் அறியத்தக்கது.

1741ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் நிக்கொலா அந்திரி, எண்பது வயதைக் கடந்த நிலையில், பிள்ளைகளின் உடற்கோணலைத் தடுக்கும் வழிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘நேரானது’, ‘பிள்ளை’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைப் புணர்த்தி அதற்குப் பெயரிட்டார். ஓர்தோபீடிக்ஸ் என இன்று வழங்கும் வைத்தியத் துறையின் பெயர் அதிலிருந்தே பிறந்தது. கோணிய இளமரத்தைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் அந்நூற் படம் அத்துறையின் சின்னமாக இன்றும் விளங்குகின்றது. அந்நூல் பெற்றோருக்கென எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்து வந்தோர் தேகப்பயிற்சியை நாடினர். ஜேர்மனியில் குட்ஸ்மூத்ஸ் என்னும் ஆசிரியர் 1793இல் இளைஞர் தேகப்பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். சுவீடனில் வாட்பயிற்சி ஆசிரியரான லிங் என்பார் 1813இல் ஸ்டொக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். அங்கே பயின்ற மார்ட்டினா பேர்க்மன் என்னும் பெண்மணியை 1881இல் இலண்டன் பாடசாலைச் சபை பெண்பிள்ளைகளின் தேகப்பயிற்சிக்குப் பொறுப்பாளராக நியமித்தது.

வேறு சிலர் பிள்ளையை விட்டு வாங்கை நோக்கினர். சூரிச் நகர வைத்தியர் பார்னர் 1865இல், வாங்குக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியே பிள்ளையை முன்னோக்கிச் சாயச் செய்கின்றது என எடுத்துக் காட்டினார். அதே காலத்தில் பிரெஸ்லௌ நகரிற் கண் வைத்தியர் ஹேர்மன் கோன் 10,060 மாணவரின் கண்களைச் சோதித்தார். வகுப்பு உயர உயரக் கிட்டப்பார்வை மிகுவதைக் கண்ட அவர், மங்கிய ஒளியையும் பொருந்தா மேசைகளையும் கண்டித்தார். என் கால்கள் தொங்கிய காரணத்தை இவர்கள் நூறாண்டுக்கு முன்னரே அறிந்திருந்தனர்!

இங்கிலாந்திற் கண்ணைத் திறந்தது ஒரு யுத்தம். 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போயர் யுத்தத்திற்குப் படையிற் சேர வந்தோரிற் பலர் தேகநலம் குன்றியவரெனக் கழிக்கப்பட்டனர். உடனே 1902இல் படையினரின் டிரில் முறையைத் தழுவிய பாடத்திட்டமொன்று பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டது. ஆனால் பிள்ளை குட்டிப் போர்வீரனல்லனே! கண்டனம் எழவே, 1904இல் வேறு பாடத்திட்டம் வந்தது. அதே ஆண்டு அறிக்கை வெளியிட்ட அரசாங்கக் குழு, பசித்த பிள்ளைகளின் உணவையும் மாணவரின் வைத்திய பரிசோதனையையும் வற்புறுத்தியது. 1906இல் உணவுச் சட்டமும் 1907இல் பரிசோதனைச் சட்டமும் நிறைவேறின.

1907இல் பிராட்போர்ட் நகரில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு உணவளித்து, அவர்களின் நிறையைக் குறித்து வந்தனர். உணவு கொடுத்த வாரங்களில் நிறை ஏறியது. விடுமுறையில் உணவு நின்றதும் இறங்கியது. வெறும் வயிற்றோடு நிற்பவனை “நெஞ்சை நிமிர்த்து” எனக் கட்டளையிடுவதாற் பயன் என்ன? சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்!

முள்ளந்தண்டு வளைவுகள் யாவும் வாங்கினாலோ புத்தகச் சுமையாலோ வருவன அல்ல என்பதை இன்றைய வைத்தியம் தெளிவாக்கியுள்ளது. வளரும் வயதில் தோன்றும் பக்கவளைவு பெரும்பாலும் காரணம் முற்றாகப் புலப்படாத நோய். அதற்குப் பிள்ளையைக் கடிவது அநீதி. வைத்தியரிடம் காட்டுவதே முறை. அசைவின்மையோ வேறு வகைத் தீங்கு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் அவ்வளவு இயங்கவில்லை. பரீட்சை நெருங்கினால் விளையாட்டு நேரத்தையே முதலிற் பறிக்கும் நாம் இதைச் சிந்திக்க வேண்டாமா?

அந்திரி வரைந்த மரம் தானாக நிமிரவில்லை. அருகே ஒருவர் கம்பு நாட்டினார். பெரியோர்களே, “நிமிர்ந்து இரு” என்று சொல்லுமுன் பிள்ளையின் கால் நிலத்திற் படுகின்றதா, வயிறு நிறைந்ததா, மாலையில் ஓடியாட நேரமுண்டா என்று பாருங்கள். இளைஞர்களே, நாளை நம்மிற் பலர் ஆசிரியராவோம். அப்போது அடிமட்டத்தை எடுப்போமாயின், முதலில் வாங்கை அளப்போமாக!