சல்வீனியா: தப்பான பெயரோடு வந்த ஒரு பன்னம்



கடந்த சனிக்கிழமை குளக்கட்டில் நடந்த சிரமதானத்துக்குப் பத்தாம் தரப் பிள்ளைகளோடு நாங்களும் போயிருந்தோம். இரண்டு மணித்தியாலத்தில் கட்டோரம் இடுப்பளவுக்குப் பச்சைக் குவியல் சேர்ந்துவிட்டது. கிளறிப் பார்த்தால் அதில் மூன்று வகைத் தாவரங்கள் இருந்தன: ஆற்றுவாழை, சல்வீனியா, அசோலா. மூன்றையும் எல்லோரும் 'சல்பீனியா' என்றுதான் சொன்னார்கள். "எல்லாம் ஒண்டுதானே சேர், ஒரு மருந்தடிச்சா முடிஞ்சிது" என்றார் ஒரு விவசாயச் சகோதரர்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. 'எல்லாம் ஒன்றுதான்' என்று படித்த விஞ்ஞானிகளே நம்பியதால், இந்தச் செடியிடம் உலகம் பல ஆண்டுகள் தோற்றுப்போனது. மருந்தடிப்பது பற்றி ஊர்க் கூட்டத்தில் பேசப்போவதால், அந்த வரலாற்றை அதற்கு முன் எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு ஊர்க்கதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானங்களை ஏமாற்ற வெள்ளைக்காரன் குளங்களில் இந்தச் செடியைப் போட்டான், மேலிருந்து பார்த்தால் தரை மாதிரித் தெரியுமாம். சிறு வயதில் நாமெல்லோரும் கேட்ட கதைதான். சிங்களத்தில் ஆற்றுவாழைக்கு 'ஜப்பான் ஜபர' என்று பெயர் இருப்பதும் இந்தக் கதைக்கு உரம் போட்டது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி. சட்டத்துக்கும் தாக்குதலுக்கும் இடையில் 33 வருடங்கள்!

சல்வீனியா வந்த வழி வேறு. 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காக அதைக் கொண்டுவந்தார்கள். வகுப்பறைக்கு வந்த செடி வெளியே தப்பியது. பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலையும் கால்வாய்களையும் மூடியது. 1950களில் மருந்தடித்து ஒழிக்க ஒரு திட்டமே நடத்தினார்கள். அடித்த இடத்தில் கருகியது, ஒதுங்கிக் கிடந்த துண்டுகளிலிருந்து மறுபடி வளர்ந்தது.

அதற்குக் காரணம் செடியின் அமைப்பிலேயே இருக்கிறது. சல்வீனியா பூக்கும் தாவரமல்ல, அது ஒரு பன்னம். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு தண்ணீரின் மேல் மிதக்கும். மூன்றாவது கீழே கபில நிற நாராகத் தொங்கும். வேர் என்று நாம் நினைப்பது உண்மையில் அந்த மூன்றாவது இலைதான். பன்னங்கள் வித்திகளால் பெருகும். ஆனால் இந்தச் சல்வீனியாவின் வித்திகள் மலடு. கோவேறு கழுதையைப் போல இதுவும் கலப்பில் பிறந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே அது முழுக்க முழுக்க உடைந்துதான் பெருகுகிறது. நல்ல வெயிலும் பசளை கலந்த நீரும் கிடைத்தால் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். நாம் இழுக்கும்போது ஒடிந்து மிதந்து போகும் ஒரு கணு அடுத்த குளத்துக்குப் போதும்.

இனிப் பெயர்க் கதைக்கு வருவோம். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் பரவிய இந்தப் பன்னத்தை எல்லோரும் 'சல்வீனியா ஓரிகுலேட்டா' என்றே பதிந்தார்கள். அது 1775இல் ஓப்லே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து விவரித்த இனம். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டின் இலையிலும் மயிர்கள் நான்காகப் பிரிந்து நுனியில் மறுபடி சேரும், கேக்குக்கு முட்டை அடிக்கும் கம்பியைப் போல. வேறுபாடு இருந்தது தண்ணீருக்கு அடியில், வித்திப் பைகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில்.

அதைக் கவனித்தவர் டேவிட் மிட்செல். சாம்பேசி நதியை மறித்துக் கட்டிய கரிபா நீர்த்தேக்கத்தில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றருக்குப் பரவிக் கிடந்த சல்வீனியாவை ஆராய்ந்தவர் அவர். இது ஓரிகுலேட்டா அல்ல, தனி இனம் என்று 1972இல் அறிவித்து 'சல்வீனியா மொலெஸ்டா' என்று பெயர் வைத்தார். இலத்தீனில் 'தொல்லை தருவது' என்று அர்த்தம். இலங்கைக்கு வந்து 33 வருடங்களுக்குப் பிறகுதான் அதற்குச் சரியான பெயர் கிடைத்தது.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஒரு களையைத் தின்னும் பூச்சியை அந்தக் களையின் பிறந்த ஊரில்தான் தேட வேண்டும். 1960களில் ஓரிகுலேட்டா என்று நம்பி, ஓரிகுலேட்டா வளரும் டிரினிடாட் பக்கம் போய்த் தேடினார்கள். அங்கே கிடைத்த வண்டை ஆப்பிரிக்காவில் விட்டார்கள். வண்டு உயிரோடு இருந்தது, செடியும் உயிரோடு இருந்தது. முகவரி பிழையான கடிதம் போல அத்தனை உழைப்பும் வீண்போனது.

சரியான பெயர் தெரிந்த பிறகு தேடலும் திசை மாறியது. 1978இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் தென்கிழக்கு பிரேசிலில் மொலெஸ்டாவின் சொந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்றுகொண்டிருந்த ஒரு சிறிய கறுப்பு வண்டை எடுத்துவந்து, 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். சுமார் ஒரு வருடத்தில் ஏரி வெளித்தது.

இங்கேதான் இன்னொரு வேடிக்கை. அந்த வண்டையும் முதலில் டிரினிடாட் வண்டு என்றே நினைத்தார்கள்! உற்றுப் பார்த்தபோது அதுவும் வேறு இனம். 1985இல்தான் அதற்கு 'சிர்டோபேகஸ் சல்வீனியே' என்று பெயர் வைத்தார்கள். செடியிலும் 'எல்லாம் ஒன்றுதான்', பூச்சியிலும் 'எல்லாம் ஒன்றுதான்' என்று இரண்டு தடவை ஏமாந்திருக்கிறார்கள்.

பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் நடந்ததும் நமக்குப் பாடம். செடி மூடியதால் அங்கே தோணி ஓடவில்லை, மீன்பிடி நின்றது, மக்கள் கிராமங்களை விட்டுப் போகும் நிலை வந்தது. வண்டை விட்டபோது முதலில் அது பெருகவில்லை. செடியில் நைதரசன் குறைவு என்று கண்டு யூரியா தூவினார்கள். அழிக்க வேண்டிய களைக்குப் பசளை போடுவதா என்று நம்ம வட்டவிதானையார் கேட்டிருப்பார். ஆனால் வண்டு பெருகியது, ஆறு திறந்தது.

இலங்கையில் 1986இல் அந்த வண்டை விட்டார்கள். பலன் வந்தபின் பொருளாதாரக் கணக்கும் பார்த்தார்கள். செலவழித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை என்று 1989இல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

ஆனால் வண்டு செடியை வேரோடு ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கும். செடி குறைந்தால் வண்டும் குறையும், செடி மறுபடி தலைதூக்கும்போது வண்டும் பெருக வேண்டும். நாம் நடுவில் புகுந்து மருந்தடித்தால் வண்டின் உணவும் வீடும் சேர்ந்து அழியும். ஒதுங்கித் தப்பிய துண்டுகள் மட்டும் வண்டின் தொல்லையில்லாமல் வளரும்.

ஆகவே கூட்டத்துக்கு வருவதற்கு முன் ஒவ்வொருவரும் குளத்துக்குப் போய் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

1. இலைக்காம்பு ஊதிப்போய் ஊதாப் பூ பூத்திருந்தால் அது ஆற்றுவாழை. சல்வீனியா வண்டு அதைத் தொடாது. அதை இழுத்துப் போடத்தான் வேண்டும்.

2. இலை நெல்மணியை விடச் சிறிதாக, செதில் செதிலாக, சிலவேளை சிவந்து இருந்தால் அது அசோலா. அதுவும் பன்னம்தான். ஆனால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசி அதன் இலைக்குள் குடியிருக்கிறது. வயலுக்கு அது பசளை. நம் பிள்ளைகள் அன்று அதையும் வாரிக் கரையில் போட்டுவிட்டார்கள்.

3. விரலளவு இலை, மேலே முட்டைக்கம்பி மயிர், தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டோடினால் அது சல்வீனியா. அதன் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். குருத்து கபிலமாகி, இலையில் சிறு துளைகள் இருந்து, எள்ளளவுக் கறுப்பு வண்டு தென்பட்டால், அந்தப் பகுதியில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கரையில் குவித்ததை மறுபடி தண்ணீருக்குள் சரிய விடாதீர்கள். மீன்தொட்டிக்கு அழகென்று யாரும் வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளோடு கைவில்லையும் வெள்ளைத் தட்டும் எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போகிறோம். வண்டு இருக்கிறதா என்று பார்த்து, கண்டதைக் கமநல சேவை நிலைய உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுப்போம். வர விரும்புபவர்கள் வாருங்கள். மருந்தா, வண்டா, கையா என்பதைக் குளத்தில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு பேசுவோம்.