சந்தனத்தில் இறங்கிய மல்லிகை

மல்லிகை அத்தருக்குப் பேர்பெற்ற ஊர் வட இந்தியாவின் கன்னோசி. செப்புக் கலத்தில் பூவை நீரோடு காய்ச்சி, ஆவியை மூங்கிற் குழாய்வழி சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். பூசியவுடன் பூ முந்தும், பின்னர் அடங்கும். சந்தலோல் மெல்லவே ஆவியாவதால் மரவாசம் மறுநாளும் சால்வையில் நிற்கும். சீமை சென்ற் இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி.

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக்கு அத்தர் தந்தவர்கள் யாழ்ப்பாணம் சோனகதெரு வணிகர்கள். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் அங்கிருந்த முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர், உடைமைகளையும் பறித்தனர். சிலர் இதனை இடப்பெயர்வு என்று எழுதுகின்றனர். அது துரத்தல். 2009இன் பின் மீண்ட குடும்பங்கள் சிலவே; பலவற்றுக்குக் காத்திருந்தவை கூரையற்ற சுவர்கள்.