குடியை விட்டவனுக்கு யார் துணை? போர்ட் கிள்ளான் வட்டாரத் தமிழரிடையே குடிமீட்பின் வரலாறு

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகள் நமக்குக் கிடைக்கின்றன. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, தோட்ட நிர்வாகியான துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு. இவற்றோடு சேர்ந்து ஒன்று: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

கள் குடித்துக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களே கடையை மூடு என்று கேட்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். போதையிலிருந்து மீள நினைப்பவருக்கு ஊர் என்ன செய்தது என்று தேடுகிற எவரும் தொடங்க வேண்டிய இடம் அந்த வரிதான்.

கள்ளுக்கடை தோட்ட வாழ்வின் அமைப்புக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு ரப்பர் பால்வெட்டு, பால் நிறுத்துக் கொடுத்தபின் வீடு. வேலை முடியும் நேரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடை திறந்திருக்கும். நகரம் தூரம், பஸ் கிடையாது, சினிமா எப்போதாவது. களைத்த ஆண்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கென்று இருந்த ஒரே கூரை அது. கள்ளில் கிடைத்த இலாபத்தின் ஒரு பங்கு தொழிலாளர் நலநிதிக்குப் போனது என்பதை ஆட்சியாளர்கள் அதற்கு ஆதரவான வாதமாகவே சொன்னார்கள். பந்து வாங்கிக் கொடுக்கவும் திருவிழாவுக்குப் பந்தல் போடவும் கள்ளுக்காசு உதவியது. குடிக்கத் துணை, கடன், இடம், நேரம் எல்லாம் ஏற்பாடாகி இருந்தன. குடியை விடுவதற்கு அப்படி எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. இந்த வட்டாரத்தின் துறைமுகமான போர்ட் கிள்ளான் அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம். 1901இல் திறந்த அந்தத் துறைமுகம் ரப்பரைக் கப்பலேற்றிய வாசல். அதற்குப் பின்னால் கிள்ளான், காப்பார், கேரித்தீவு வரை தோட்டங்கள் விரிந்து கிடந்தன.

எதிர்ப்பு முதலில் சீர்திருத்தத்திலிருந்து வந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து சென்ற பிறகு சுயமரியாதைக் கருத்துகளும் சீர்திருத்தச் சங்கங்களும் பரவின. மதுவிலக்கு அவர்களது பேச்சில் இடம்பெற்றது. 1937 அக்டோபரில் ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மலாயாவுக்கு ஆளனுப்பிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஊரில் கடை மூடியிருக்கிறது, இங்கே துரையே கடை வைத்திருக்கிறார் என்ற நிலை தொழிலாளிக்குக் கண்கூடாகத் தெரிந்தது. 1941இல் கிள்ளானில் அது தொழிற்சங்கக் கோரிக்கையாக உருவெடுத்தது. தமிழ்நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். மே மாதத் தொடக்கத்தில் அவர் கைதானார், போராட்டம் வெடித்தது, துருப்புகள் வந்தன, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

போருக்குப் பின் கெடாவில் இதே கோபம் இன்னும் கூர்மையாகத் திரண்டது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். கள்ளுக்கடை வாசலில் மறியல், ஒழுங்கான அணிவகுப்பு, இளைஞர்களுக்குக் கட்டுப்பாடு. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசாருடன் நடந்த மோதலையொட்டி ஒரு தொழிலாளி இறந்தார். சாமி சிறைக்குப் போனார், இயக்கம் ஒடுக்கப்பட்டது. இவர்களுடைய துணிச்சலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்டர் படை குடித்தவர்களைத் தானே விசாரித்துத் தண்டிக்கவும் செய்தது. குடிப்பவன் அவர்கள் பார்வையில் இனத்தின் மானத்தைக் கெடுத்தவன். கடைக்கு எதிராக ஊர் திரண்டது. மறுநாள் காலையில் கை நடுங்க உட்கார்ந்திருப்பவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வரவில்லை.

அந்த நடுக்கம் மன உறுதிக் குறைவு இல்லை. பல ஆண்டு தினமும் குடித்த உடல், திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு காணலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இல்லாத உருவம் தெரிவது, குழம்பிப் பேசுவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஆபத்துக்கிடையிலும் தைப்பூசத்துக்கு விரதமிருந்து, ஐயப்பனுக்கு மாலை போட்டு, குடியை நிறுத்தியவர்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. கழுத்தில் மாலை ஏறியதும் பெயர்கூட மாறிச் 'சாமி' ஆகிவிடும். மனைவி தனிப் பாத்திரத்தில் சமைப்பாள். பழைய கூட்டாளிகள் தாமே விலகி நிற்பார்கள். தினமும் மாலையில் பஜனைக்கு ஆள் கூப்பிட வரும். நாற்பத்தொரு நாளைக்கு ஊரே அவனைத் தாங்கிப் பிடிக்கிறது. குடிமீட்பு வேலை செய்கிறவர்கள் இன்று பாடுபட்டு உண்டாக்குவதெல்லாம் அதில் தானாகவே அமைந்திருக்கிறது. நாற்பத்திரண்டாம் நாள் மாலை இறங்குகிறது, அவ்வளவு பேரும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறார்கள். விரதத்தின் பலமும் குறையும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் முடிவு.

மனம் முற்றிலும் நிலைகுலைந்தவர்களுக்கு இருந்த வழி தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் பேராக்கில் திறந்த அந்த மனநல மருத்துவமனை 1970களில் பஹாகியா என்று பெயர் மாற்றம் பெற்றது; மலாய்மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். ஆனாலும் நம் பேச்சில் ஊர்ப்பெயரே வசையாக நிலைத்துவிட்டது. 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன்' என்று பிள்ளைகளை மிரட்டிய வீடுகளில், தூக்கமின்றித் தவித்த ஒருவர் எப்படி வாய் திறந்திருப்பார்? போதைப்பொருள் பழக்கத்துக்கும் அடைத்துவைப்பதே பதிலாக இருந்தது: 1983ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயச் சிகிச்சை நிலையங்களை வலுப்படுத்தியது. இரண்டு ஆண்டு உள்ளே இருந்தவர் வெளியே வந்ததும் அதே தெரு, அதே நண்பர்கள். 2005இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியதும், 2010 முதல் தாமாக முன்வருபவர்களுக்கான சிகிச்சை நிலையங்கள் திறந்ததும் உண்மையான திருப்பங்கள்.

இதற்கிடையில் வேறொரு சிந்தனை நாட்டுக்கு வெளியே வளர்ந்து வந்தது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதிலிருந்து ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) பிறந்தது. வட்டமாக உட்கார்ந்து, குடும்பப் பெயர் சொல்லாமல், அவரவர் கதையைப் பேசுவது அதன் முறை. புதிதாக வருபவருக்குப் பழையவர் ஒருவர் துணை நிற்பார். குடிக்கத் தோன்றுகிற நேரத்தில் அவருக்குப் போன் செய்யலாம். குடும்பத்தாருக்கு 1951இல் தனியாக அல்-அனான் வந்தது. மலேசியாவிலும் ஏஏ கூட்டங்கள் நடக்கின்றன.

தமிழுக்கு இதை நெருக்கமாகக் கொண்டுவந்தவர் சாந்தி ரங்கநாதன். கணவரை இளம் வயதில் குடிக்கு இழந்த அவர் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிப்பவருக்கு மட்டும் இல்லாமல் மனைவிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் கொடுத்தார். அந்த அமைப்பு பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் நடத்தியது. மருத்துவர் ஊருக்கு வந்தார். இடத்தையும் சோற்றையும் ஊரார் பார்த்துக்கொண்டார்கள். முகாம் முடிந்து வீடு திரும்புகிறவரை வழியில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் அவர் எதற்காகப் போனார் என்று தெரிந்திருந்தது. 'குடிகாரன்' என்ற சொல்லை 'குடிநோயாளி' என்று மாற்றி எழுதும் பழக்கமும் இத்தகைய பணிகளோடு ஒத்துப்போவது.

கிள்ளானிலோ அப்படித் தாங்கிப் பிடிக்கும் ஊரே இல்லாமல் போனது. 1980களுக்குப் பின் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. துறைமுகம் பூலாவ் இண்டாவுக்கும் நீண்டது. லயத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர்கள் வேறுவேறு அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள். கள்ளின் இடத்தைச் சம்சு என்ற வடிசாராயம் பிடித்தது: மலிவு, போத்தலில் கிடைக்கும், தனியாகக் குடிக்கலாம். கள்ளுக்கடையில் யார் எவ்வளவு குடித்தான் என்று ஊருக்குத் தெரியும். ஒன்பதாவது மாடியில் கதவைச் சாத்திக் குடிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மது முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில், உறவு எதுவும் அருகில் இல்லாமல், இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

சட்டமும் மெல்ல இளகியிருக்கிறது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சமூக மனநல மையங்களுக்கு இடமளித்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. கோலாலம்பூரில் 1970இல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் நள்ளிரவிலும் போனில் காதுகொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

இப்போது கிள்ளான், போர்ட் கிள்ளான் கோயில் நிர்வாகத்தினரிடமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் மண்டபம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தேநீர் வைக்க அடுப்பு இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலையும் மாதத்தில் சம்பள நாள் மாலையும், வேலை முடியும் நேரத்தில், அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். கிளினிக்கிலிருந்து ஒரு தாதியை அழையுங்கள். குடியை விட்டுப் பல ஆண்டு ஆன ஒருவரை முன்னால் உட்காரவையுங்கள். பெண்களுக்குத் தனி அறை கொடுங்கள். மாலை இறங்கிய நாற்பத்திரண்டாம் நாளும் அங்கே ஆள் இருக்கட்டும்.