கார்புரேட்டர் ஊரிலிருந்து ஈசியு வரை: ஜி.எஸ்.டி. ரோட்டின் சைலன்சர் கதை

போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. “புது பைக் எடுத்திருக்கேன், சைலன்சர் மாத்தலாமா? மாத்தினா ரீமேப் பண்ணியே ஆகணுமா?” ஒரு வரியில பதில் சொல்லிடலாம்தான். ஆனா இது ஹிஸ்டரி ஷோ. அதுவும் இந்தக் கேள்விக்குப் பின்னால இருக்கிற கதையில கணிசமான பகுதி, தாம்பரத்துக்குத் தெற்கே நாம தினமும் தாண்டிப் போற ஊர்களில் நடந்திருக்கிறது. அதனால கொஞ்சம் சுத்தி வருவோம்.

முதலில் மறைமலைநகர். ட்ரெயின்ல போறவங்களுக்கு அது சிங்கப்பெருமாள் கோவிலுக்கு முந்தைய ஸ்டேஷன். கார் பிரியர்களுக்கு ஃபோர்டு இருந்த ஊர். பைக் வரலாற்றில் அது கார்புரேட்டர் ஊர். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு கைகோத்து 1985இல் உருவான யூகால் கம்பெனி, தன் தொழிற்சாலையை அங்கேதான் வைத்தது. மாருதி கார்களுக்கு கார்புரேட்டர் போனது, புல்லட்டுக்கு ‘மிக்கார்ப்’ போனது. இதுல ஒரு வேடிக்கை. மிக்குனி இந்த வித்தையை 1960இல் இங்கிலாந்தின் அமால் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கிக் கற்றுக்கொண்டது. அந்தக் காலத்து என்ஃபீல்டு புல்லட்டில் இருந்ததும் அமால் கார்புரேட்டர்தான். இங்கிலாந்திலிருந்து ஜப்பான் போய், மறைமலைநகர் வழியா திரும்பவும் புல்லட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. (பல்லாவரத்தில் வாழ்ந்த தனித்தமிழ்க்காரர் மறைமலையடிகள் பெயரில் ஒரு ஊர், அந்த ஊரில் கார்புரேட்டர். அதுக்கு அவர் என்ன பேர் வெச்சிருப்பார்னு யோசிச்சுப் பார்க்கிறேன்.)

அந்தக் காலத்தில் சைலன்சர் மாற்றுவது ஏன் சுலபமாக இருந்தது? கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. காற்று வேகமாக ஓடும்போது அழுத்தம் குறையும், ஒரு சின்னத் துளை வழியா பெட்ரோல் மேலே வரும். அவ்வளவுதான். சைலன்சரைத் திறந்துவிட்டால் காற்று கூடும், கலவையில் பெட்ரோல் குறையும். உடனே மெயின் ஜெட்டைக் கழற்றி, ஒரு நம்பர் பெரிய ஜெட் போட வேண்டும். முடிச்சூர் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல. கரி அடைஞ்சிருந்தா ஜாஸ்தி. காபித்தூள் நிறம் வந்தா, “போலாம்”. அவருடைய மொத்த லேபும் அந்தப் பிளக்தான்.

ஆனா “சத்தம் கூடினா ஸ்பீடு கூடும்”ங்கிற நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது? என் கணிப்பில், டூ ஸ்ட்ரோக் காலத்திலிருந்து. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற இன்ஜினியர், வயிறு பெருத்து வால் ஒடுங்கிய ஒரு சைலன்சரை மெருகேற்றினார். புகையோடு சேர்ந்து வெளியே தப்பிக்கப் பார்க்கும் புது பெட்ரோலை, அழுத்த அலை ஒன்று திரும்பி வந்து சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் ரேஸின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பி ஓடினார். அந்த ரகசியத்தோடு சுசூகியில் சேர்ந்து, அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டம் ஜெயித்தார். ஸ்பை படம் மாதிரி இருக்கு, இல்லையா?

டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு உறுப்பு மாதிரி. வேலை செய்வது அதன் வடிவம், சத்தம் அல்ல. 1985இல் ஆர்.எக்ஸ். 100 வந்தபோது நம்ம பசங்க பிடித்துக்கொண்டது சத்தத்தை மட்டும். உள்ளே இருக்கிறதைப் பிடுங்கிப் போட்டுட்டு “பிக்கப் ஏறிடுச்சு மச்சி” என்றார்கள். பெரும்பாலும் ஏறியது காதுக்கு மட்டும்தான்.

சரி, ஃப்யூல் இன்ஜெக்ஷன். உலகத்தில் கடைக்கு வந்த முதல் இன்ஜெக்ஷன் பைக் 1980இன் கவாசாகி இசட் 1000 எச் 1. இந்தியாவில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2007இல் பல்சர் 220, 2009இல் கிளாசிக் 500. விலை ஜாஸ்தி, மெக்கானிக்குகளுக்குப் பயம். அதனால யாரும் பெருசா கண்டுக்கல.

மாற்றியது மார்க்கெட் இல்லை, விதிமுறைகள். 2017 மார்ச் கடைசி நாட்கள் ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கும் மேல வண்டி தேங்கிக் கிடந்தது. அடுத்த ரெண்டு நாள் ஷோரூம் வாசல்கள் தீபாவளி தி.நகர் மாதிரி ஆகிவிட்டன. 2020 ஏப்ரல் 1, பி.எஸ். 6. புல்லட் 350க்கு இன்ஜெக்ஷன் வந்தது அப்போதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் காலத்தில் இங்கே தொடங்கிய ஓட்டம், திருவொற்றியூரைத் தாண்டி, 2013இல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் வந்து, கார்புரேட்டரை அங்கே இறக்கி வைத்தது. தாம்பரத்திலிருந்து படப்பை வழியா போனா ஒரகடம் ரொம்ப தூரமில்லை.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். இன்றைய பைக்கில் பெட்ரோலை அளப்பது ஈசியு. பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்க்கும். நிதானமாக ஓட்டும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்று ஈசியு தானே சரிசெய்துகொள்ளும். அதனால பின்பக்கத்தை மட்டும் மாற்றும் ஸ்லிப் ஆன் போட்டால், பெரும்பாலான வண்டிகளில் ரீமேப் அவசியமில்லை. ஆனா முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஈசியு சென்சாரைக் கேட்பதில்லை, கம்பெனியில் எழுதி வைத்த அட்டவணையைத்தான் பார்க்கும். பெண்ட் பைப்பிலிருந்து மொத்தமும் மாற்றினால் அந்த அட்டவணை பழசாகிவிடும். பெட்ரோல் பத்தாமல் இன்ஜின் சூடேறும். அப்போ ரெண்டு வழி. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் போன்றவர்களின் சின்னப் பெட்டியை இடையில் மாட்டலாம். இல்லன்னா, டைனோவில் ஏற்றி ஈசியுவின் அட்டவணையையே திருத்தி எழுதலாம். ஆக்சிலரேட்டரை விடும்போது ‘பட் பட்’னு வெடிக்குதே, அது பவர் இல்லை. எரியாத பெட்ரோல் பைப்புக்குள்ள எரியுது.

முழு சிஸ்டத்தையும் மாற்றும்போது, பல வண்டிகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து போய்விடும். கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அடக்குவது அதுதான். இதை ஜி.எஸ்.டி. ரோட்டில் யோசிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒரு ஸ்டேஷன் பெயர்: தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். ஊருக்கு வெளியே நல்ல காற்று கிடைக்கும் இடம் இது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. நெஞ்சக நோய்க்காரர்கள் இன்னும் அங்கேதான் வருகிறார்கள். அந்த வாசலில் சிக்னலுக்கு நிற்கிற வண்டிகள் நம்முடையவை. என் வண்டியில் கேட்டை நான் கழற்றப் போவதில்லை. ஸ்லிப் ஆன் போடுறவங்களை நான் திட்டவும் மாட்டேன்.

சட்டம் என்னைவிடக் கறார். 175 சிசிக்கு மேல் உள்ள பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் சத்த வரம்பு 80 டெசிபல். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவில், சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கு. கடைக்காரர் “ரோடு லீகல் ப்ரோ” என்று சொன்னால் சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லுங்க. வாரண்டியையும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல ஷோலாவரம். உலகப்போர் விமான ஓடுதளம் ஒன்று ரேஸ் டிராக் ஆன கதை.