உரைகல்லும் தராசும்

என் மகள் 2009-இல் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் இரண்டு பொருட்கள் வந்து சேர்ந்தன. ஒன்று அம்மாச்சியின் உரைகல். மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு வசம்பும் ஜாதிக்காயும் கடுக்காயும் உரைத்து உரைத்து நடுவில் குழிந்துபோன கல். இன்னொன்று தடுப்பூசி அட்டையோடு கொடுத்த பதினாறு பக்கச் சிறு புத்தகம். கல்லைக் கொடுத்த அம்மாச்சி, "தலைக்கு ஊத்துற அன்னைக்கு மறக்காம உரைச்சுக் குடு, வயித்துல ஒண்ணும் அண்டாது" என்றார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றது புத்தகம்.

இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. இரண்டும் என்னிடம் மட்டுமே பேசின. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த என் கணவரிடம் அம்மாச்சி எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தின் பதினாறு பக்கங்களிலும் அப்பா என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பத்தியில்.

அப்போது நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். எனக்குக் கிடைத்த விடுப்பு 45 நாள். ஆறு மாதம் எங்கே, 45 நாள் எங்கே? நாற்பத்தாறாம் நாள் பிள்ளைத்தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பாடத்தை முடித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரைக்கான கேள்வி அங்கேதான் முளைத்தது. குழந்தை வளர்ப்பு பற்றிய அறிவுரைக்கும் ஒரு வரலாறு இருக்குமல்லவா? யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், கேட்டு நடக்க முடியாமல் போனபோது யார் மேல் பழி விழுந்தது?

பிள்ளைத்தமிழிலிருந்தே தொடங்கலாம். நம் மொழியில் குழந்தையின் வளர்ச்சியை மாத வாரியாகக் குறித்து வைத்த இலக்கியம் அது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் குழந்தை. ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி கொட்டுதல், பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் தளர்நடையிட்டு வருகை, பதினைந்தில் அம்புலியை அழைத்தல். இன்று குழந்தை மருத்துவர் "தலை நின்றுவிட்டதா? கை தட்டுகிறதா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் அட்டவணைக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இவ்வளவு கூர்மையாகக் குழந்தையைப் பார்த்தவர்கள் யார்? ஒட்டக்கூத்தரும் குமரகுருபரரும் அரசனையும் அம்மனையும் குழந்தையாக்கிப் பாடினார்கள். ஆனால் அந்த மாதக் கணக்கை அவர்களுக்கு முன்பே போட்டு வைத்தவர்கள் தூளியருகில் உட்கார்ந்திருந்த பெண்களாகத்தான் இருக்க முடியும். பாட்டில் பேசும் குரல் தாயின் குரல், செவிலியின் குரல். ஆனால் அந்தத் தாய்க்குத் தூக்கம் கெடுவதில்லை, மார்பு கட்டிக்கொள்வதில்லை, நெல் அவிக்கும் வேலையும் இல்லை. பெண்களின் அறிவை எடுத்துக்கொண்டு பெண்களின் உழைப்பை வெளியே விட்டுவிட்ட இலக்கியம் என்று வகுப்பில் சொன்னால் சில மாணவிகள் கோபப்படுகிறார்கள். எனக்கும் பிடித்த இலக்கியம்தான், அதனால்தான் சொல்கிறேன்.

ஏட்டில் ஏறாத அறிவு இரண்டு பேரிடம் இருந்தது: வீட்டுப் பாட்டியிடமும் மருத்துவச்சியிடமும். மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். பிள்ளை பிறந்ததும் கொடி அறுப்பது, தாய்க்கு வயிற்றைக் கட்டிவிடுவது, காலை நீட்டிப் போட்டு அதில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவது, பால் கட்டினால் இளக்குவது எல்லாம் அவர்கள் கை. கூலி சில படி நெல்லும் ஒரு பழஞ்சேலையும். உயிரைக் கொண்டுவந்து கொடுத்த அந்தக் கை தீட்டுப்பட்ட கை என்பதால் கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போக வேண்டும்.

அவர்களின் அறிவை நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. சீம்பால் குழந்தைக்கு ஆகாது என்று பீய்ச்சிக் கீழே விட்டார்கள். குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் சேனையாகத் தொட்டு வைத்தார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டார்கள். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். தொக்கம் எடுப்பதில் மூச்சுத் திணறிய குழந்தைகள் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வசம்பையும் அளவு தெரியாமல் உள்ளே கொடுக்கக் கூடாது என்றுதான் இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் மகளுக்கு நான் கொடுக்கவில்லை. அம்மாச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் இவற்றையெல்லாம்விட என்னைத் தைப்பது 'தோஷம்'. ஒரு குழந்தை தேறாமல், தோல் சுருங்கி, விலா எலும்பு தெரிய மெலிந்துபோனால் ஊர் அதற்குத் தோஷம் தட்டிவிட்டது என்று பெயர் வைத்தது. எப்படித் தட்டும்? தீட்டான பெண் தூக்கியிருப்பாள். பிள்ளையில்லாதவள் கண் பட்டிருக்கும். அல்லது, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், பால் கொடுக்கிறவள் புருஷனோடு சேர்ந்திருப்பாள். அந்தக் குழந்தைக்கு வேண்டியது சோறு. சோறு இல்லாததற்குக் காரணம் நிலமும் கூலியும். பழி மட்டும் ஏதாவது ஒரு பெண்ணின் உடம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆங்கிலேய அரசும் மிஷனரிகளும் வந்தபோது இந்தப் பழியைத் துடைக்கவில்லை, இடம் மாற்றி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200-க்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. காரணம் மருத்துவச்சியின் அழுக்குக் கை என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சுத்தமில்லாத கத்தியால் கொடி அறுத்துத் தசைவிறைப்பு ஜன்னியில் இறந்த சிசுக்கள் ஏராளம். ஆனால் பஞ்சத்தையும் கூலியையும் குடிநீரையும் பற்றிப் பேசுவதைவிடக் கையைப் பற்றிப் பேசுவது அரசுக்கு எளிது. 1903-இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி நாடெங்கும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க முயன்றது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. படித்துப் பதிவு செய்தவர், செய்யாதவர் என்று பிரிந்தபோது, தலைமுறையாகப் பார்த்து வந்தவர்கள் மெல்ல வெளியே போனார்கள்.

மருத்துவமனைகளோ சாதியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மேரி ஷார்லீப் முயற்சியால் 1885-இல் சென்னையில் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவமனையின் பெயரிலேயே 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்று இருந்தது. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபாய் மருத்துவமனை. வாசலில் எல்லோரும்தான் நிற்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து மனைவிமாரைச் சாகவிட்ட வீடுகளும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே இரவில் அப்படி மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டதுதான் ஐடா ஸ்கடரை வேலூருக்கு மருத்துவராகத் திரும்பி வரச் செய்தது.

1924-இல் ரீடிங் சீமாட்டியின் முயற்சியில் குழந்தை வாரம் வந்தது. ஊர் ஊராகப் படங்கள், சொற்பொழிவுகள், கொழுகொழு குழந்தைக்குப் பரிசு. பரிசு குழந்தைக்கு என்றாலும் தேர்வு எழுதியவள் தாய். படித்த பெண்கள் இதில் ஆர்வமாக இறங்கினார்கள். பத்திரிகைகளில் சிசு பராமரிப்புப் பக்கங்கள் வந்தன: மணிப்படி பால் கொடு, அழுதவுடன் தூக்காதே, தாதியிடம் விடாதே, மாமியார் பேச்சைக் கேட்டு மருந்து உரைக்காதே. நாற்று நடப் போனவளுக்கு எந்த மணி? அதே காலத்தில் குடி அரசு வேறு கேள்வி கேட்டது. எத்தனை பிள்ளை, எப்போது, பெறத்தான் வேண்டுமா என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும் என்று கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதினார். எப்படி வளர்ப்பது என்று நூறு பேர் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி அது. இன்றும் குழந்தை வளர்ப்பு நூல்களில் அதற்கு இடம் கிடையாது.

பிறகு டப்பா வந்தது. பால்மாவு டப்பாவில் சிரித்த குழந்தை வெள்ளைக்காரக் குழந்தையாக இருந்து நம் குழந்தையாக மாறியது. டப்பாவை விற்க வேண்டுமானால் முதலில் ஒரு சந்தேகத்தை விற்க வேண்டும்: உன் பால் போதுமா? பத்து நாள் தாய் ஒருத்தியிடம் கேட்கக் கூடிய மிகக் கொடிய கேள்வி இதுதான். வீட்டில் மாமியாரும் இதைத்தான் கேட்பார், "பால் பத்தலையோ, புள்ள அழுதுக்கிட்டே இருக்கு?" வெளியில் கம்பெனியும் இதைத்தான் கேட்டது. கிரைப் வாட்டர் விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று வரிசையாகப் பெண்கள் வந்து, நாங்களும் இதைக் கொடுத்துத்தான் வளர்த்தோம் என்பார்கள். பாட்டியின் கல்லைப் பழமை என்று ஒதுக்கிய காலம், பாட்டியின் வாக்கைப் புட்டியில் அடைத்து விற்றது. உலக அளவில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் விதிமுறையும், 1992-இல் இந்தியச் சட்டமும் வந்தன. பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, இலவச டப்பா கூடாது, டப்பாவின் மேல் குழந்தைப் படம் கூடாது. நல்ல சட்டம். ஆனால் தாய் எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில் பால் கொடுப்பாள் என்பது அந்தச் சட்டத்தின் வேலை இல்லை.

அது விடுப்புச் சட்டத்தின் வேலை. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021-இல் ஓராண்டு என்று உயர்ந்தது. நாற்று நடுகிறவளுக்கும் சித்தாளுக்கும் விடுப்பு கிடையாது, உதவித்தொகைதான். 1987-இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தொடங்கிய திட்டம் 300 ரூபாய் கொடுத்தது. இப்போது 18,000 ரூபாய் அளவில் நிற்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரை மட்டும் இவர்கள் எல்லோருக்கும் ஒன்றே.

இனி தராசு. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் கோடு வரைவார்கள். கோடு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை எண்ணாக மாற்றிய திட்டம் அது. யாருடைய நிழலையும் தேட வேண்டாம், சோறு கொடுத்தால் கோடு ஏறும் என்று ஊர் கண்ணால் பார்த்தது. தமிழ்நாட்டில் 1980-ஐ ஒட்டி ஆயிரத்துக்கு 90 என்ற அளவில் இருந்த சிசு மரணம் 2020-இல் 13-ஆகக் குறைந்ததில் தடுப்பூசிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் பெண் கல்விக்கும் பங்குண்டு. வீடு வீடாகத் தராசைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களின் பங்கைத்தான் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்தப் பணியாளரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் நல்லது. அப்போதுதான் மற்றவர்கள் பேச்சைக் கேட்பார்களாம். அவளுடைய குழந்தைதான் அவளுடைய சான்றிதழ். கொடுத்தது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இன்றுவரை அதே சொல்தான். 1975-இல் தொடங்கிய திட்டத்தில் உழைத்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது.

நான் 1981-இல், அந்த மாவட்டத்தில் பிறந்தவள். போன பொங்கலுக்கு அம்மாவின் தகரப்பெட்டியை ஒழித்தபோது என் எடை அட்டை கிடைத்தது. மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்து. எட்டாம் மாதம் வரை கோடு ஏறுகிறது. பிறகு மூன்று மாதம் படுத்துவிட்டது. பிறகு மறுபடி ஏறுகிறது.

"இது என்னம்மா, மூணு மாசம் நான் ஏன் தேறல?" என்று கேட்டேன்.

"களையெடுப்பு. விடியறதுக்கு முன்ன போனா பொழுது சாஞ்சுதான் வருவேன். உனக்குப் பால் ஏது?"

"யார் பார்த்தா என்னை?"

"அம்மாச்சி பார்த்துச்சு. தோசம்னு சொல்லி அடுத்த வீட்டு அக்காவை வாசப்படி ஏற விடல. பாவம், அதுக்குப் புள்ள இல்ல." கொஞ்சம் நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் அந்தத் தராசுக்கார அக்காதான் தினம் வந்து உருண்டையைப் பிசைஞ்சு ஊட்டிட்டுப் போகும். இடுப்புல அதோட புள்ளையும் இருக்கும். அதுக்கு ஒரு வாய் குடுக்காது. எழுதிவச்ச கணக்குக் குறைஞ்சிரும்னு பயம்."

அந்த அக்காவின் பெயரை அம்மாவால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. மேலத்தெருவில் யாரிடமாவது கேட்டுச் சொல்கிறேன் என்றார்.